உணவுக்குழாய் சத்திர சிகிச்சைக்குப் பின் எப்போது, எப்படிச் சாப்பிடலாம்?

கேள்வி: என் தந்தைக்கு வயது 63. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக ஐந்து கிழமைக்கு முன்னர் கொழும்பில் சத்திர சிகிச்சை செய்தார்கள். இரண்டாம் நாளே அவருக்குத் தேக்கரண்டியால் தண்ணீர் கொடுத்தார்கள். அதே சிகிச்சை பெற்ற பக்கத்துக் கட்டில்காரருக்கோ ஒரு கிழமையாக வாயால் எதுவும் கொடுக்கவில்லை. அவசரப்பட்டுவிட்டார்களோ என்ற பயம் எங்களுக்கு இன்னும் போகவில்லை. இப்போது வீட்டில் நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்கிறார். சில நாட்களில் சாப்பிட்டு எழும்புமுன்னே வியர்த்து, நெஞ்சு படபடத்துச் சோர்ந்துவிடுகிறார். எடையும் குறைகிறது. என்ன செய்யலாம்?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள், சகோதரி. இந்தச் சத்திர சிகிச்சையில் நோயுற்ற பகுதியை நீக்கிவிட்டு, இரைப்பையை ஒரு குழாய்போல ஒடுக்கி மேலே இழுத்து, எஞ்சிய உணவுக்குழாயுடன் நெஞ்சிலோ கழுத்திலோ பொருத்துகிறார்கள். அந்தப் பொருத்து கசிந்துவிடக்கூடாது என்பதற்காகவே ஐந்து முதல் ஏழு நாட்கள் வாயால் எதுவும் கொடுக்காமல், வயிற்றின் வழியாகச் சிறுகுடலில் வைத்த குழாயால் உணவூட்டுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2018இல் வெளியான சீன ஆய்வொன்றில், கழுத்தில் பொருத்து வைக்கப்பட்ட 280 பேரில் ஒரு பகுதியினருக்கு மறுநாளிலிருந்தும் மற்றவர்களுக்கு ஏழு நாட்களின் பின்னரும் வாயால் உணவு கொடுத்துப் பார்த்தபோது, முன்கூட்டிச் சாப்பிட்டவர்களுக்குச் சிக்கல்கள் கூடவில்லை. குடலும் விரைவாக இயங்கத் தொடங்கியது. நெஞ்சில் பொருத்து உள்ளவர்களிடம் நெதர்லாந்திலும் சுவீடனிலும் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்விலும் கசிவு குறிப்பிடும்படி அதிகரிக்கவில்லை.

அதற்காகப் பக்கத்துக் கட்டில்காரரைக் காக்க வைத்தது பிழை என்று எண்ண வேண்டாம். குரல்நாண் நரம்பு பாதிக்கப்பட்டுக் குரல் கம்மியவர்கள், விழுங்கும்போது இருமுபவர்கள், பொருத்தில் சந்தேகம் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஒரு கரண்டித் தண்ணீர்கூட சுவாசப்பைக்குள் இறங்கியோ கசிந்தோ ஆபத்தாகலாம். உங்கள் தந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, நாடியைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, ஒரு மிடறு கொடுத்து, இருமல் வருகிறதா என்று பார்த்து, பேசச் சொல்லிக் குரலில் ஈரம் தட்டுகிறதா என்றும் கேட்டபின்பே அடுத்த மிடறு கொடுத்திருப்பார்கள். அதை அவசரம் என்று சொல்ல முடியாது.

வீட்டில் நடப்பதற்கு வருகிறேன். சோறு தங்கியிருந்த பை இப்போது ஒரு ஒடுங்கிய குழாய். அதை இயக்கிய நரம்பும் சிகிச்சையின்போது வெட்டப்பட்டுவிட்டது. ஆகவே நாலு வாயில் நிறைந்துவிடுகிறது என்று அவர் சொல்வது உண்மை. "அப்பா, இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சுவது நம் வீடுகளில் பாசத்தின் பேச்சு. ஆனால் அந்த ஒரு வாய்தான் அவரை வாந்திக்கும் நெஞ்சில் உணவு அடைத்து நிற்பதற்கும் கொண்டுபோகிறது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மூன்று வேளைச் சாப்பாட்டை மறந்துவிட்டு, தேநீர்த் தட்டின் அளவில் ஆறு முதல் எட்டுத் தடவை கொடுங்கள். சொதியில் நன்றாக ஊறிய இடியாப்பம், குழைந்த சோறும் பருப்பும், அவித்து மசித்த மீன், முட்டை, தயிர் ஆகியவை பொருந்தும். பாண் மென்மையாகத் தெரிந்தாலும் எச்சிலில் மாவுருண்டையாகிப் பொருத்தடியில் நின்றுவிடும். உதிரிப் புட்டும் அப்படியே அடைக்கும். தண்ணீரையும் தேநீரையும் சாப்பாட்டோடு சேர்க்காமல் அரை மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள்.

சாப்பிட்டவுடன் வரும் அந்த வியர்வையும் படபடப்பும், பெரும்பாலும், உணவு, முக்கியமாக இனிப்பு, சிறுகுடலுக்குள் வேகமாக இறங்குவதால் வருபவை. சீனி கரைத்த பால்தேநீர், பழச்சாறு, பார்க்க வருபவர்கள் பேணியில் கொண்டுவரும் இனிப்பான மா வகை ஆகியவற்றைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் புரதம் உள்ள ஏதாவதொன்றைச் சேருங்கள். ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கழித்து வந்தால் இரத்தத்தில் சீனி தாழ்ந்திருக்கக்கூடும் என்பதால், நேரத்தைக் குறித்துவைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். புதிதாக வந்த படபடப்பு என்பதால் இதயத் துடிப்பையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இரவில் படுப்பதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பே சாப்பாட்டை முடித்து, தலையணையை மட்டும் அடுக்காமல் கட்டிலின் தலைமாட்டையே உயர்த்துங்கள். வால்வு இல்லாத குழாயில் புளித்தது மேலேறிச் சுவாசப்பைக்குள் போகாமல் இருக்க இது வாழ்நாள் பழக்கமாக வேண்டும். முதல் ஆறு மாதங்களில் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது பலரிடம் காணப்படுகிறது. கிழமைக்கு ஒருமுறை நிறுத்து எழுதுங்கள்; தொடர்ந்து இறங்கினால் உணவியலாளரைக் கேளுங்கள். உணவூட்ட வயிற்றில் வைத்த குழாய் இன்னும் இருந்தால் அதை எடுக்க அவசரப்படுத்தாதீர்கள்.

முன்பு இறங்கிய உணவு நாளுக்கு நாள் சிக்கத் தொடங்கினால் பொருத்து சுருங்கியிருக்கலாம். அதை உட்காட்டி (வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் கமராக் குழாய்) மூலம் விரித்துவிட முடியும். ஆனால் காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல் ஆகியவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல், அன்றே அவரைச் சத்திர சிகிச்சை செய்த வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.