சக்கரத்தைத் தட்டிக் கேட்பது

வணக்கம் சார். 'மியூசிக் கான்க்ரெத்' என்று ஓர் இசைவகை இருப்பதே போன வாரம்தான் தெரிந்தது. ரயில் சத்தத்தை வெட்டி ஒட்டி இசை என்கிறார்கள். நம் கானாப் பையன்கள் தீப்பெட்டியும் பெஞ்சும் தட்டி இதை எப்போதோ செய்துவிட்டார்களே? எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

எம்., ராயபுரம்

அன்புள்ள தம்பி,

கடிதம் என்றாலே சோம்பல்படுகிறவன் நான். உங்கள் கடிதத்தில் ரயில் இருந்தது, மாட்டிக்கொண்டேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். எதைக் கண்டாலும் 'இதை நாங்க அப்பவே பண்ணிட்டோம்' என்பது ஒரு வியாதி. சாவு வீட்டில் கானா பாடுகிறவர் பெஞ்சைத் தட்டுவது பாட்டுக்காக. செத்தவரைப் பற்றிச் சொல்ல அவருக்குச் சேதி இருக்கிறது. மியூசிக் கான்க்ரெத்துக்கு அந்தப் பெயரை வைத்த பியேர் ஷேஃபர் செய்தது இதற்கு நேர் எதிர். பிரெஞ்சு வானொலிப் பொறியாளர். 1948இல் பாரிஸின் பத்திஞோல் நிலையத்தில் எஞ்சின்களைப் பதிவுசெய்தார். டேப் கிடையாது, எல்லாம் இசைத்தட்டு. தட்டில் ஊசி ஓடும் வரிப்பள்ளத்தை வட்டமாக மூடிவிட்டால் ஊசி அங்கேயே சுற்றும். நிமிடத்துக்கு 78 சுற்று; முக்கால் வினாடிச் சத்தம் திரும்பத் திரும்ப வரும். பத்தாவது தடவை அது ரயில் என்பதே மறந்துபோகும். அவருக்கு வேண்டியது அந்த மறதிதான். மணியோசையில் அடி விழும் கணத்தை மட்டும் நீக்கிப் பார்த்தார். மிச்சத்தைக் கேட்டால் மணி என்றே சொல்ல முடியாது. அந்த மூன்று நிமிட ரயில் துண்டு 1948 அக்டோபர் 5 அன்று வானொலியில் ஒலித்தது.

யார் முதல் என்ற பஞ்சாயத்தை விடுங்கள். கெய்ரோவில் ஹலீம் எல்-தாப் என்ற இசையமைப்பாளர் 1944லேயே பேயோட்டும் சடங்கொன்றைக் காந்தக் கம்பியில் ஒலிப்பதிவு செய்து இதே மாதிரி உருமாற்றியிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது? இணையத்தில் கிடக்கிறது, தேடுங்கள்.

எனக்கு இடிப்பது அந்த மறதிதான். என் அப்பாவுக்கு பேசின் பிரிட்ஜ் யார்டில் வேலை. நீளக் காம்பு போட்ட சுத்தியலோடு ராத்திரியில் பெட்டி பெட்டியாக நடந்து சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவார். 'ணங்' என்று இழுத்தால் சரி. 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் விரிசல். சாக்பீஸால் குறி போடுவார், பெட்டி பழுதுபார்க்கும் 'சிக் லைனு'க்குப் போகும். சத்தத்தை வெறும் சத்தமாகக் கேட்கும் சொகுசு அவருக்கு இல்லை. வீட்டில் மண்பானை வாங்கினாலும் அவர் தட்டிக் கேட்காமல் அம்மா காசு கொடுக்கமாட்டாள். அந்தக் காது எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஷேஃபர் சொல்கிற மாதிரி எதையும் மறந்து கேட்க என்னால் முடிவதில்லை. அவரே கடைசிக் காலத்தில், டோ-ரே-மியை, அதாவது மேற்கத்திய சரிகமவை, விட்டு வெளியே ஒன்றும் நடக்காது என்று நொந்துகொண்டார். அது வேறு கதை.

ரிட்டையரான பிறகு அயனாவரம் வீட்டில் அப்பாவுக்கு ஷேஃபரின் அந்த ரயில் துண்டைப் போட்டுக் காட்டினேன். காதோடு போனை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒரே சத்தம் சுற்றிச் சுற்றி வரும் இடத்தில் நிமிர்ந்தார்.

"ப்ளாட் டயர்டா. சக்கரத்துல ஒரு பக்கம் தேஞ்சிருக்கு. இத எவன் பாஸ் பண்ணான்?"

பாரிஸில் எடுத்தது என்றேன்.

"எந்த ஊரா இருந்தா என்ன? வண்டிய நிறுத்தச் சொல்லு."