டிராபி வேட்டைச் சாதனைப் புத்தகங்கள் சரியா? அவற்றால் காட்டு விலங்குகளுக்கு நன்மை உண்டா?

டிராபி வேட்டை என்றால் தலையையும் கொம்பையும் வெற்றிச் சின்னமாக வைத்துக்கொள்வதற்காகச் சுடுவது. சுட்ட விலங்கின் கொம்பையோ மண்டையோட்டையோ அளந்து, புள்ளி போட்டு, வேட்டைக்காரர் பெயரோடு வரிசைப்படுத்தி அச்சிடுகிறார்களே, அந்தப் புத்தகங்களைப் பற்றித்தான் கேள்வி. நான் துப்பாக்கியைத் தொட்டவன் இல்லை. ஆனால் வேட்டை என்றாலே பாவம் என்று முடித்துக்கொள்பவனும் இல்லை. இந்தப் புத்தகங்கள் மீது எனக்குள்ள மனக்குறை வேறு: கொம்பை அளக்கிறார்கள், வயதை விட்டுவிடுகிறார்கள். காட்டுக்கு நேரும் கெடுதலில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. லண்டனில் விலங்குகளைப் பாடம் செய்து கொடுத்துவந்த ரோலண்ட் வார்டு 1892-இல் தன் முதல் பதிவேட்டை வெளியிட்டார். பெரிய தலைகள் யாரிடம் இருக்கின்றன என்ற பட்டியல் அது. அவர் தொழிலுக்கு நல்ல விளம்பரமும்கூட. அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள், பெரிய விலங்குகள் சீக்கிரமே அற்றுப்போகும் என்று உண்மையிலேயே பயந்தார்கள். நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் 1922-இல் திறந்த தலைகள், கொம்புகளின் காட்சியகத்தை 'மறைந்துவரும் பெருவிலங்குகளின் நினைவாக' என்றே அர்ப்பணித்தார்கள். 1932-இல் அவர்களுடைய முதல் பதிவேடு வந்தது. 1950-இல் இன்று புழங்கும் புள்ளி முறை வந்தது. இதற்கிடையே சட்டங்களும் பாதுகாப்பும் வந்து பல விலங்குகள் பெருகிவிட்டன. இரங்கல் குறிப்பாக ஆரம்பித்தது ஸ்கோர்போர்டு ஆகிவிட்டது. 1970-களில் வந்த சஃபாரி கிளப் இண்டர்நேஷனல் என்ற இன்னொரு வேட்டைக்காரர் அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், இத்தனை வகை விலங்குகளைச் சுட்டால் இந்த விருது, இன்னும் சில வகைகளைச் சேர்த்தால் அடுத்த விருது என்று அடுக்கியது.

அளக்கும் விதத்தைப் பாருங்கள். மானின் கிளைக்கொம்பு என்றால் 60 நாள் காயவிட வேண்டும். அப்புறம் அங்கீகாரம் பெற்ற அளவையாளர் எஃகு நாடாவால் முதன்மைத் தண்டின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், நான்கு இடங்களில் சுற்றளவு, உள் அகலம் என எல்லாவற்றையும் எட்டில் ஒரு அங்குலம்வரை குறிப்பார். 'டிபிக்கல்', அதாவது வழக்கமான வடிவக் கொம்புகளுக்கான பிரிவில் இடதும் வலதும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடுவார்கள். இத்தனை நுணுக்கத்துக்கு நடுவில் அந்த மானுக்கு என்ன வயது என்பதற்கு ஒரு புள்ளிகூட இல்லை.

வயது ஏன் முக்கியம் என்று ஆப்பிரிக்க எருமையிடம் தெளிவாகத் தெரியும். ரோலண்ட் வார்டு முறையில் கொம்புகளின் அதிகபட்ச அகலம்தான் கணக்கு. 42 அங்குலம் இருந்தால் புத்தகத்தில் இடம். இளம் காளைக்கு நெற்றியில் கொம்பின் அடிப்பாகம் இன்னும் இறுகியிருக்காது, முடிகூட இருக்கும். நுனிகள் மட்டும் விரிந்து நீண்டிருக்கும். கிழக்காளைக்கு நெற்றி பாறையாக இறுகியிருக்கும், நுனிகள் தேய்ந்து மழுங்கியிருக்கும். நாடா பிடித்தால் யாருக்கு அதிகம் வரும்? இளசுக்குத்தான். மந்தையை விட்டு ஒதுங்கி, சேற்றில் புரண்டு திரியும் கிழங்களை அங்கே 'டக்கா பாய்' என்பார்கள். இனப்பெருக்கத்தில் அவற்றின் பங்கு பெரும்பாலும் முடிந்துவிட்டது. அதைச் சுடுவதால் மந்தைக்கு இழப்பு குறைவு. புத்தகமோ இன்னும் குட்டிகளுக்குத் தகப்பனாகாத காளையின் பக்கம் கையைக் காட்டுகிறது. தொழில்முறை வேட்டை வழிகாட்டிகளே இதைக் கண்டித்துப் பேசிவருகிறார்கள்.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் உள்ள ராம் மலையில் பிக்ஹார்ன் என்ற வளைகொம்புக் காட்டாடுகளை விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கொம்பு ஒரு குறிப்பிட்ட அளவு வளைந்தால் சுடலாம் என்பது அங்கே சட்டமாக இருந்தது. வேகமாகக் கொம்பு வளரும் கிடா, அந்தக் கொம்பால் பெட்டைகளை வெல்லும் வயது வருமுன்பே செத்துப்போனது. கொம்பு சிறுத்துவருவதை 2003-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. மேய்ச்சலும் நெரிசலும் எவ்வளவு காரணம், மரபு எவ்வளவு காரணம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எல்லா இடத்திலும் இதேதான் நடக்கிறது என்று சொல்வது மிகை. பூன் அண்ட் கிராக்கெட்டின் நூறாண்டுப் பதிவுகளை வைத்து 2013-இல் வந்த ஆய்விலும் பல வகைகளில் சிறு சரிவுதான் தெரிந்தது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: குறைந்தபட்ச அளவைத் தாண்டியவை மட்டுமே அந்தப் பதிவுகளில் இருக்கும். உயரமானவர்களை மட்டும் சேர்க்கும் பட்டியலில் ஊர் குட்டையாவது பளிச்சென்று தெரியாது.

சரி, பணம்? இதுதான் ஆதரவாளர்களின் பெரிய வாதம், அதில் உண்மையும் இருக்கிறது. பாகிஸ்தானில் மார்க்கோர் என்ற திருகுக்கொம்புக் காட்டாட்டுக்கு ஆண்டுக்குச் சில அனுமதிகள்தான். ஒன்று 1 லட்சம் டாலருக்கு மேலும் ஏலம் போகிறது. கட்டணத்தில் 80 சதவீதம் உள்ளூர் மக்களுக்கு. கள்ள வேட்டை குறைந்து, 2015-இல் அந்த இனம் 'அழியும் நிலை'யிலிருந்து 'அச்சுறுத்தலை நெருங்கும் நிலை'க்கு மாற்றப்பட்டது. இதை மறுப்பவர்கள் அந்த மலைக் கிராமங்களுக்கு வேறு வருமானம் காட்ட வேண்டும். ஆனால் அதைச் சாதித்தது அனுமதி எண்ணிக்கையும், பணம் யார் கைக்குப் போகிறது என்ற விதியும்தான். புத்தகத்துக்கு அதில் பங்கு சொற்பம்.

புத்தகம் நேரடியாகப் பிறப்பித்தது வேலிக்குள் வளர்க்கும் தொழிலை. அகலமான கொம்புக்கு ஆசைப்பட்டு மான்களைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் சிங்கங்களைப் பண்ணையில் வளர்த்துச் சுடக் கொடுத்தார்கள். பூன் அண்ட் கிராக்கெட் வேலிக்குள் சுட்டதை ஏற்பதில்லை. சஃபாரி கிளப் வேலி வேட்டைக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. பண்ணைச் சிங்கங்களைப் புத்தகத்தில் சேர்க்க மாட்டோம் என்று 2018-இல்தான் சொன்னது.

நெறி பற்றி: இறைச்சிக்காகச் சுடுவதையும் பயிரைக் காக்கச் சுடுவதையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பட்டியலில் முந்தின ஆளைக் காலே அரைக்கால் அங்குலத்தில் முந்துவதற்காக ஒரு உயிரை எடுப்பதற்கு இதுவரை ஒரு நியாயமும் எனக்குக் கிடைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், புத்தகத்துக்குக் கொலையே தேவையில்லை. 'நான்-டிபிக்கல்', அதாவது ஒழுங்கற்ற கொம்புகளுக்கான பிரிவில் வெள்ளைவால் மானுக்கு உலகச் சாதனையாகப் பதிவான 333 7/8 புள்ளிக் கொம்பு, 1981-இல் மிசௌரியில் வேலியோரம் தானாகச் செத்துக் கிடந்த மானுடையது. 2016-இல் மான்டானாவில் கிடைத்த சாதனை பிக்ஹார்ன் கிடாவும் இயற்கையாக இறந்ததுதான்.

புத்தகத்தைத் தடை செய்யச் சொல்லி நான் கேட்க மாட்டேன். பல், கொம்பு வளையங்களை வைத்து வயதைக் கட்டாயமாகப் பதியட்டும். சிங்கத்துக்குத் தான்சானியா வைத்திருக்கும் 6 வயது வரம்பு மாதிரி, இனத்துக்கு இனம் வயது வரம்பு வைத்து, அதற்குக் குறைந்ததைச் சேர்க்காமல் விடட்டும். வேட்டைக்காரர் பெயரை எடுத்துவிட்டு இடத்தையும் ஆண்டையும் மட்டும் போடட்டும். அதன் பிறகும் எத்தனை பேர் நுழைவுக் கட்டணம் கட்டிப் பதிவு செய்ய வருவார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.