கேள்வி – பதில்: பணிப்பெண் பேசும் ஆங்கிலம்

கேள்வி: எங்கள் வீட்டிலேயே தங்கி வேலை பார்க்கும் பணிப்பெண் பிலிப்பைன்ஸ்காரர். மூன்று வயது மகன் பகல் முழுக்க அவரோடுதான் இருக்கிறான். மீனை ‘பிஷ்’ என்கிறான்; அம்மாவான என்னையே ‘ஹி’ என்கிறான்; விளக்கைப் போடச் சொன்னால் ‘ஓப்பன் தி லைட்’. இப்படியே பதிந்துவிடுமா?

பதில்: பெரும்பாலும் பதியாது. பிலிப்பைன்ஸில் பேசும் தகலாகு மொழிக்கு ‘ஃப’ ஒலி சொந்தமில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘சியா’ என்று ஒரே சொல்தான். அந்தத் தடம் அவருடைய ஆங்கிலத்தில் தெரிகிறது, பையன் அதை அப்படியே பிடித்துக்கொள்கிறான். பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு பழக ஆரம்பித்தால் உச்சரிப்பு அவர்கள் பக்கம் சாயும்.

கவனிக்க வேண்டியது வேறு. பணிப்பெண் பையனிடம் பேசுவதை ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள்: ‘கம்’, ‘ஈட்’, ‘சிட் டவுன்’, ‘டோன்ட் டச்’. எல்லாமே ஏவல். சொன்னதைச் செய்தால் போதும், பதில் பேச வேண்டியதில்லை. அதனால் பிள்ளைக்குப் புரியும், வாய் திறக்காது.

தினமும் 20 நிமிடம், கைபேசி இல்லாமல், பணிப்பெண்ணும் பையனும் ஒரே படப் புத்தகத்தை ஒரு வாரம் பார்க்கட்டும். முதல் இரண்டு நாள் படத்தில் இருப்பதன் பெயர். அடுத்து ‘என்ன செய்கிறது?’, வார இறுதியில் ‘ஏன்?’. பையன் ‘டாக்’ என்றால் அவர் ‘யெஸ், தி டாக் இஸ் ஸ்லீப்பிங்’ என்று நீட்டிச் சொல்ல வேண்டும். ‘திருப்பிச் சொல்லு’ என்று அதட்டினால் அவன் எழுந்து ஓடிவிடுவான். இந்த 20 நிமிடத்துக்காகத் துணி மடிப்பதையோ வேறொரு வேலையையோ அவர் தலையிலிருந்து இறக்குங்கள். கூடுதல் வேலையாகச் சுமத்தினால் மூன்றாம் நாளே நின்றுபோகும். பிள்ளை எதிரில் அவருடைய ஆங்கிலத்தைத் திருத்தவும் வேண்டாம். அப்புறம் அவர் பேசுவதையே குறைத்துக்கொள்வார்.

மாலையில் நீங்களும் ஆங்கிலத்தில் இறங்கிவிடாதீர்கள். பகல் அவருடையது என்றால், தமிழுக்கு மிஞ்சுவது உங்கள் இரண்டு மணி நேரம் மட்டுமே.

கேள்வி: எங்கள் பணிப்பெண்ணுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் ஆங்கிலத்திலேயே பேசச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். தடுமாறும் மொழியில் பேச்சு நாலைந்து சொல்லோடு முடிந்துவிடும். தன் மொழியில் பாட்டும் கதையுமாகப் பேசட்டும். அதில் வளரும் பேச்சுப் பழக்கம் பிள்ளைக்கு நல்லது. தமிழ் தெரிந்தவர் என்றால் தமிழே போதும். ஆங்கிலத்துக்கு வேறு வழி பாருங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் முடிந்து பணிப்பெண் ஊர் திரும்புகிறார். மகளின் ஆங்கிலம் மறந்துபோகுமா?

பதில்: பேச ஆள் இல்லாவிட்டால் முதலில் பேச்சுதான் மங்கும், கேட்டுப் புரிந்துகொள்வது இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். கிளம்புவதற்கு முன்பே, மகளுக்குப் பிடித்த நாலைந்து புத்தகங்களை அவர் குரலில் பதிவு செய்துவையுங்கள். அவர் சம்மதித்தால் வாரம் ஒருமுறை காணொளி அழைப்பும் வைக்கலாம். போன புதிதில் மகள் ஆங்கிலத்தில் வாயே திறக்காமல் இருக்கலாம். அது மறதி அல்ல, அவரைத் தேடுகிறாள். அந்த வாரங்களில் ‘இங்கிலீஷில் சொல்லு’ என்று வற்புறுத்தாதீர்கள்.