குழந்தைகளோடு சேர்ந்து வாசிக்க உங்களுக்குப் பிடித்த பழைய கிறிஸ்துமஸ் புத்தகங்கள் எவை?

எங்கள் வீட்டில் முதலிடம் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ புத்தகத்துக்குத்தான். 1843 டிசம்பரில் வந்தது. லண்டன் பனியும் குளிரும் தேவகோட்டைப் பிள்ளைகளுக்கு எங்கே புரியப்போகிறது என்று சிலர் கேட்பார்கள். எனக்கென்னவோ, செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குப் புரிகிற அளவுக்கு இந்தக் கதை வேறு யாருக்கும் புரியாது என்றே படுகிறது. ஸ்க்ரூஜ் கணக்கும் கடனுமே உலகமென்று இருப்பவர். அவரிடம் வாரம் 15 ஷில்லிங்குக்குக் கணக்கு எழுதுகிறார் பாப் கிராட்சிட். கரிப்பெட்டி முதலாளியின் அறையில் இருக்கிறது. பாவம், இவர் மெழுகுவத்தியில் குளிர்காயப் பார்க்கிறார். கூட உட்கார்ந்து கேட்ட எதிர்வீட்டு ஆச்சி, “நம்ம பெட்டியடிப் பையன் கதையில்ல இது!” என்று ஆரம்பித்தார். அவருடைய ஐயா பர்மாவிலிருந்த வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைசிப் படி எடுபிடியாகப் போய், அடுத்தாள் என்ற உதவியாளாகி, கடையை நடத்தும் மேலாளான கதை முழுக்க வந்துவிட்டது. அன்றைக்கு டிக்கன்ஸ் ஒரு பக்கம்கூட நகரவில்லை. நகராவிட்டால் என்ன!

ஸ்க்ரூஜின் செத்துப்போன தொழில் கூட்டாளி மார்லி ஆவியாக வரும்போது இழுத்து வரும் சங்கிலியில் பணப்பெட்டி, சாவி, பூட்டு, பேரேடு, பத்திரம் எல்லாம் கோத்திருக்கும். வாசிப்பதற்கு முன்னால் பிள்ளைகளைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நடை கூட்டிப்போய், பழைய இரும்புப் பூட்டு ஒன்றைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மார்லியின் பாரம் கைக்கே தெரிந்துவிடும்.

கதை மொத்தம் 5 பகுதி. 20ஆம் தேதி தொடங்கினால் 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்புமுன் முடிந்துவிடும். நான் ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். சுருக்கிய படப்புத்தகம் வாங்கினால் ஒன்றைப் பாருங்கள்: மார்லிக்குப் பிறகு ஸ்க்ரூஜிடம் வரும் மூன்று ஆவிகளில் இரண்டாவதன் அங்கிக்குள்ளிருந்து அறியாமை, இல்லாமை என்று இரண்டு பிள்ளைகள் எலும்பும் தோலுமாக வெளியே வருவார்கள். அந்த இடத்தை வெட்டியிருந்தால் வாங்காதீர்கள். டிக்கன்ஸின் கோபமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஆண்டர்சனின் தீப்பெட்டி விற்கும் சிறுமி கதையும் (1845) பிடிக்கும், ஆனால் தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம். நடப்பது கிறிஸ்துமஸ் இரவில்கூட இல்லை, வருடத்தின் கடைசி இரவில். பகலில் வாசித்துவிட்டுப் பேச நேரம் வைத்துக்கொள்ளுங்கள். “ஏன் ஒருத்தரும் வாங்கல?” என்ற கேள்வி கண்டிப்பாக வரும்.

பத்து வயதுக்கு மேல் என்றால் ஓ ஹென்றியின் ‘தி கிஃப்ட் ஆஃப் த மேஜாய்’. டெல்லாவின் கையில் 1 டாலர் 87 சென்ட் இருப்பதிலிருந்து தொடங்கும் சின்னக் கதை, ஒரே மூச்சில் முடியும். முடிவை முன்கூட்டியே உளறிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

வாசிக்கத் தெரியாத வாண்டுகளுக்கு ரேமண்ட் பிரிக்ஸின் ‘தி ஸ்னோமேன்’ (1978). ஒரு எழுத்து கிடையாது, எல்லாம் படம். சொல்லப்போனால் புத்தகத்தில் கிறிஸ்துமஸே இல்லை. 1982இல் வந்த படத்தில்தான் கிறிஸ்துமஸ் தாத்தாவைச் சேர்த்தார்கள். எழுத்து இல்லாததால் என் சின்னவள்தான் எங்களுக்குக் கதை சொல்வாள், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. கடைசியாகச் சொன்னபோது பனிமனிதன் காரைக்குடி பஸ் ஏறிவிட்டான்.