வட ஐரோப்பா ரயிலில்: எங்கே தூங்கலாம், எங்கே விழித்திருக்க வேண்டும்?

வாசகர் கேள்வி: நானும் மனைவியும் ஸ்வீடன், நார்வே இரண்டையும் ரயிலிலேயே சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறோம். கையில் 13 நாள் இருக்கிறது. ஸ்டாக்ஹோம், ஒஸ்லோ, பெர்கன் நகரங்களோடு, ஆள் நடமாட்டமில்லாத வடகோடிக் காடு மலைகளையும் பார்க்க வேண்டும். நள்ளிரவுச் சூரியன், வடதுருவ ஒளி இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்குமா? எனக்கு 68 வயது. மனைவிக்கு மூட்டுவலி. பாஸ் எடுப்பதா, தனித்தனி டிக்கெட்டா?

பதில்: இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது. நள்ளிரவுச் சூரியன் இருக்கும் மாதங்களில் வானம் இருட்டுவதே இல்லை. இருட்டில்லாமல் வடதுருவ ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஸ்வீடனின் வடகோடியில் மே கடைசியிலிருந்து ஜூலை நடு வரை சூரியன் மறையாது. வடதுருவ ஒளிக்குச் செப்டம்பர் முதல் மார்ச் வரை. நீங்கள் போவது ரயில் ஜன்னல் வழியாக நாட்டைப் பார்க்க. அதனால் ஜூன் மாதத்தைத்தான் சொல்வேன். டிசம்பரில் போனால் அந்தப் பக்கத்தில் நண்பகலில்கூட மங்கிய வெளிச்சம்தான். மலையும் கடலும் இருட்டிலேயே கழிந்துவிடும். வடதுருவ ஒளிதான் முக்கியம் என்று உங்கள் மனைவி நினைத்தால் செப்டம்பரில் போங்கள். பகலும் போதுமான நீளம் இருக்கும், பிர்ச் மரங்களும் மஞ்சளாகியிருக்கும்.

ஊர்ப் பட்டியல் போடுவதற்கு முன்னால், எந்தப் பாதையைப் பகலில் கடப்பது, எதை இரவில் கடப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் டிக்கெட் எடுப்பவர்கள் நல்ல காட்சியைத் தூங்கித் தொலைத்துவிட்டு, மணிக்கணக்காக ஒரே மாதிரியான பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஸ்டாக்ஹோமிலிருந்து நார்விக் போகும் இரவு ரயிலைப் பாருங்கள். மாலையில் கிளம்பி, மறுநாள் காலையில் வட ஸ்வீடனின் கிருனா, நண்பகல் வாக்கில் நார்வேயின் நார்விக் துறைமுகம் என்று போகும். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் காடு, ஏரி, மறுபடி காடு. நிம்மதியாகத் தூங்கலாம். காலை உணவை முடித்துவிட்டு ஜன்னலுக்கு வந்தால் போதும், பார்க்க வேண்டியது அப்போதுதான் ஆரம்பிக்கும். இரும்புத் தாதுவைக் கடலுக்குக் கொண்டுபோக 1902-இல் முடிக்கப்பட்ட பாதை இது. இன்றைக்கும் 68 வேகன் கோத்த தாது ரயில்கள் எதிரே வரும். அவற்றுக்கு வழிவிட உங்கள் ரயில் ஒதுங்கி நிற்கும். கிருனா தாண்டியதும் வலதுபுறம் உட்காருங்கள். 70 கிலோமீட்டர் நீளமுள்ள தோர்னெத்ரெஸ்க் ஏரி அந்தப் பக்கம்தான். எல்லை தாண்டியதும், சுமார் 500 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு ரயில் இறங்குகிறது. மலைச்சரிவை வெட்டிப் போட்ட தண்டவாளம். சுரங்கத்துக்குள் போய் வெளியே வரும்போதெல்லாம் கீழே ரோம்பாக் ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்) இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கும். அதுவும் வலதுபுறமே.

ஆனால் ஒரே மூச்சில் நார்விக் போய்விடாதீர்கள். கிருனாவுக்கும் நார்விக்குக்கும் நடுவே இருக்கும் அபிஸ்கோவில் இறங்கி இரண்டு இரவு தங்குங்கள். காட்டை ஜன்னல் வழியாகப் பார்ப்பது ஒன்று, ரயில் போன பிறகு அந்த அமைதியில் நிற்பது வேறு. மேற்கு மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் ஸ்வீடனிலேயே மழை குறைந்த இடங்களில் இது ஒன்று. அபிஸ்கோ துரிஸ்ட்ஸ்டேஷன் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் தேசியப் பூங்கா வாசலிலேயே தங்குமிடம். பெயர்பெற்ற குங்ஸ்லேடன் நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது. முழுதும் நடக்க வேண்டியதில்லை. ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மூட்டுவலிக்காரர்களும் மெல்ல நடக்கலாம். ஜூன் கடைசியிலிருந்து கொசு உண்டு, மருந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் தடுமாறும் இடம் இதற்கு அடுத்துதான். நார்விக் ஸ்வீடனோடுதான் ரயிலால் இணைந்திருக்கிறது. நார்வேயின் மற்ற ஊர்களுக்கு அங்கிருந்து நேரடித் தண்டவாளம் கிடையாது. தெற்கே போடோ வரை பஸ்ஸில்தான் போக வேண்டும். ஆறு ஏழு மணி நேரம் ஆகும். நடுவில் பஸ்ஸோடு படகில் ஏறி டிஸ்ஃபியோர்டைக் கடக்க வேண்டியிருக்கிறது. இறங்கி மேல்தளத்தில் காற்று வாங்கலாம். இந்த இடைவெளியைப் பார்த்துப் பயந்து ஸ்டாக்ஹோமுக்கே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம்.

ஏனென்றால் போடோவிலிருந்து ட்ரோண்ட்ஹைம் வரை 729 கிலோமீட்டர் ஓடும் நூர்லாண்ட் பாதை இந்தப் பயணத்தின் உயிர். இதிலும் இரவு ரயில் உண்டு. ஹோட்டல் காசு மிச்சம் என்று அதை எடுத்துவிடாதீர்கள். பகல் ரயிலில் வாருங்கள். ஏறக்குறைய பத்து மணி நேரம். முதலில் ஃபியோர்டு ஓரம், அப்புறம் ஏற்றம். சால்ட்ஃபியெல் மேட்டுநிலத்தில் ஏறும்போது மரங்கள் குட்டையாகி, பிறகு ஒன்றுகூட இல்லாமல் போகும். பாறை, பாசி, ஜூனிலும் கரையாத பனித் திட்டுகள். 680 மீட்டர் உயரத்தில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கிறீர்கள். இருபுறமும் கற்குவியல் நினைவுச் சின்னங்கள் தெரியும், கண் சிமிட்டினால் போய்விடும். அதற்குப் பிறகு மறுபடி காடு, ஆறு, நீண்ட ஸ்னோசா ஏரி. ட்ரோண்ட்ஹைம் சேரும்போது இரவு பத்து மணி ஆகியிருக்கும், வெளிச்சம் இருக்கும்.

சரி, நாட்களை இப்படிப் பிரிக்கலாம். ஸ்டாக்ஹோமில் இரண்டு இரவு, ரயிலில் ஒன்று, அபிஸ்கோவில் இரண்டு, நார்விக், போடோ, ட்ரோண்ட்ஹைம் மூன்றிலும் ஒவ்வொன்று, ஒஸ்லோவில் இரண்டு, பெர்கனில் இரண்டு. ட்ரோண்ட்ஹைமில் காலையில் நிடாரோஸ் பேராலயத்தைப் பார்த்துவிட்டு மதியத்துக்கு மேல் ஒஸ்லோ ரயிலைப் பிடிக்கலாம். ஸ்டாக்ஹோமில் மிட்சோமர் என்ற கோடை விழா நாள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை அது. கடைகள் மூடியிருக்கும், முதல் நாளே ரயில்கள் நிரம்பிவிடும்.

ஒஸ்லோ–பெர்கன் பாதை 1909-இல் திறக்கப்பட்டது. ஏழு மணி நேரத்துக்கு முன்பின்னாக ஆகும். இடதுபுறம் உட்காருங்கள். 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே நிலையம் வரும், அங்கே கார் போகச் சாலையே கிடையாது. எதிரே ஹார்டாங்கர் பனிப்பாறை. வழியில் மியூர்டாலில் இறங்கி ஃப்ளோம் மலை ரயிலையும் அதே நாளில் பார்த்துவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். பெட்டிகளோடு ரயில், ரயில், படகு, பஸ், மறுபடி ரயில் என்று மாறுவது உங்கள் மனைவிக்குத் தண்டனையாகிவிடும். நேராகப் பெர்கன் போய் ஹோட்டலில் பெட்டிகளை வைத்துவிட்டு, மறுநாள் ஒரு சின்னப் பையோடு அந்தச் சுற்றைப் போய்வாருங்கள்: மியூர்டால், ஃப்ளோம், நேரோய் ஃபியோர்டு வழியாக இரண்டு மணி நேரப் படகு, குட்வாங்கன், பஸ்ஸில் வோஸ், ரயிலில் பெர்கன். ஃப்ளோம் ரயில் 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் இறங்குகிறது.

மூட்டுவலிக்கு இரவு ரயில்தான் கவலை. மலிவான பெட்டியில் ஆறு பேர், மூன்றடுக்குப் படுக்கை. மேலே ஏற ஏணி. கழிப்பறையும் குளியலும் உள்ளேயே இருக்கும் இருவர் அறையை முதல் வகுப்பில் எடுங்கள். கீழ்ப்படுக்கை மனைவிக்கு. மற்றதில் சிக்கனம் பிடிக்கலாம், இதில் வேண்டாம். சின்ன நிலையங்களில் நடைமேடை தாழ்வாக இருக்கும், அதனால் ஒரு கையால் தூக்க முடிகிற பெட்டிதான் சரி.

தேதி உறுதி என்றால் தனித்தனி டிக்கெட்டே நல்லது. ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெய்ல், மற்றவர்களுக்கு யூரெய்ல் பாஸ். ஆனால் உங்கள் திட்டத்தில் நீண்ட ரயில்கள் நான்குதான், கூடச் சில சின்னப் பயணங்கள். இரவு ரயில் படுக்கைக்குப் பாஸ் இருந்தாலும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஃப்ளோம் ரயிலில் பாஸுக்குத் தள்ளுபடி மட்டும்தான். நார்வே டிக்கெட்டுகளை என்டூர் செயலியில் எடுக்கலாம். முன்கூட்டி எடுத்தால் விலை வெகுவாகக் குறையும். 67 வயதைத் தாண்டியவர்களுக்கு மூத்தோர் கட்டணமும் உண்டு, அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்வீடன் டிக்கெட்டுகளுக்கு அந்நாட்டு ரயில் நிறுவனமான எஸ்ஜேயின் இணையதளம்.

ஷெங்கன் விசா எடுக்கிறவர்கள் என்றால், அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிப்பது விதி. இந்தத் திட்டத்தில் ஸ்வீடன் பக்கம் ரயில் இரவையும் சேர்த்து ஐந்து, நார்வேயில் ஏழு. ஆகவே நார்வே. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள்.

ஒன்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பாதைகள் அவ்வப்போது வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் மூடப்படுகின்றன. 2023 டிசம்பரிலும் 2024 பிப்ரவரியிலும் தாது ரயில்கள் தடம்புரண்டு கிருனா–நார்விக் பாதை முடங்கியது. 2023 ஆகஸ்ட் வெள்ளத்தில் ரான்ட்க்ளேவ் பாலம் இடிந்து, ட்ரோண்ட்ஹைம்–ஒஸ்லோ பாதை அடுத்த ஆண்டு மே வரை துண்டாகிக் கிடந்தது. கோடையில் ஒஸ்லோவைச் சுற்றிப் பராமரிப்பு வேலைக்காக ரயிலை நிறுத்திப் பஸ் விடுவதும் வழக்கம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் நார்வேப் பாதைகளுக்குப் பானே நூர், ஸ்வீடன் பாதைகளுக்குத் த்ரஃபிக்வெர்கெட், இந்த இரு நிர்வாகங்களின் அறிவிப்புகளையும் உங்கள் தேதிக்குப் பாருங்கள். நார்விக், போடோ ஹோட்டல்களை ரத்து செய்ய முடிகிற கட்டணத்தில் எடுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு முறை பாருங்கள்; ஒரு பாதை மூடியிருந்தால் அபிஸ்கோவில் இன்னொரு இரவைச் சேர்த்துக்கொண்டு, கிருனா விமான நிலையம் வழியாக ஸ்டாக்ஹோம் திரும்பி, அங்கிருந்து ஒஸ்லோவுக்குப் பகல் ரயில் பிடிக்கலாம்.