வாசகர் கேள்வி: ஜெட் என்ஜின் அலகை அரத்தால் அராவலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் படகு என்ஜின் திருத்தும் பட்டறை நடத்துகிறேன். கல்லில் அடிபட்ட காற்றாடிகளைப் பற்றவைத்து, அராவிக் கொடுப்பது என் அன்றாட வேலை. ஜெட் என்ஜினின் சிதைந்த அலகுகளையும் (சுழலும் இதழ்களையும்) இவ்வாறு திருத்துவார்களா, புதியதைப் பூட்டிவிடுவார்களா?
— ஒரு வாசகர், கல்முனை

பதில்: உங்கள் கையிலுள்ள அரம் அங்கும் வேலை செய்கிறது. ஓடுபாதையிலிருந்து உறிஞ்சப்படும் சிறு கல் காற்றை அமுக்கும் பகுதியின் அலகில் பட்டால், முன்விளிம்பில் அரிசிமணி அளவில் ஒரு வெட்டு விழும். அதன் கூரான அடியில் தகைப்பு, அதாவது உலோகத்துக்குள் எழும் விசையழுத்தம், குவிவதால், நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேலும் சுழலக்கூடிய அந்த அலகில் வெடிப்பு அங்கிருந்தே புறப்படும். ஆகவே, சுற்றியுள்ள நல்ல உலோகத்தையும் சேர்த்து அராவி, வெட்டை ஆழம் குறைந்த நீண்ட வளைவாக மாற்றுகிறார்கள். உலோகத்தை இழந்த பின்னர் அலகு உறுதியடைகிறது என்பதே இந்த வேலையின் உயிர்நாடி.

ஆயினும் அளவு மிஞ்சினால் அலகின் அதிர்வு மீடிறன் மாறும், காற்றோட்டம் கெடும், சமநிலையும் குலையும். மிகக் குறைந்த உலோகத்தை எடுத்து, தகைப்பை மிகக் கூடுதலாகத் தணிக்கும் வளைவு எது என்பதைக் கணினியில் கணிப்பதுதான் இன்றைய முயற்சி. தயாரிப்பாளரின் கைநூல் நுனியருகே அராவுவதற்கு ஓரளவு தாராளம் காட்டும். முழு இழுவிசையையும் தாங்கும் அடிப்பகுதியில் மிகக் கண்டிப்பாக இருக்கும். 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் போயிங் 737 விமானமொன்றின் முன்விசிறி அலகு உலோகக் களைப்பால் (திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் வெடிப்பு வளர்வதால்) முறிந்ததும் அடிப்பகுதியில்தான். அதில் ஒரு பயணி உயிரிழந்தார்.

தேய்ந்த நுனியை, லேசரால் உலோகத் தூளை உருக்கிப் படைபடையாக வளர்த்துக் கடைகிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஓடிய இரண்டு அலகுகள் ஒரே வடிவில் இருப்பதில்லை. மூல வரைபடத்தின்படி கடைந்தால் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமும் விழும். அதனால் ஒவ்வோர் அலகையும் தனியே அளந்து, அதன் இப்போதைய வடிவத்துக்கேற்ப வெட்டுப் பாதையை வகுக்கிறார்கள்.

எரிந்து வரும் வாயுவின் சூட்டில் சுழலும் நிக்கல் கலப்புலோக அலகுகளில் பல ஒற்றைப் படிகமாக, அதாவது உள்ளே படிக எல்லைகளே இல்லாதபடி, வார்க்கப்பட்டவை. பற்றவைக்கும் சூட்டில் வேறு படிகங்கள் முளைத்தால் வெடிப்புக்கு வழியாகும் என்பதால், அங்கே புதியதைப் பூட்டுவதே பல வேளைகளில் சரி. மாறாக, நடுவிலுள்ள வட்டத்தட்டும் அதைச் சுற்றிய அலகுகளும் ஒரே துண்டாகக் கடையப்பட்ட சுழலிகளில் ஓர் அலகை மட்டும் கழற்ற முடியாது, அதைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் முழுச் சுழலியையும் மாற்ற வேண்டும்.

திருத்திய அலகில் ஒளிரும் சாயம் பூசி, புறஊதா ஒளியில் வெடிப்புத் தேடுவார்கள். சிவப்புச் சாயமும் வெள்ளைத் தூளும் கொண்ட எளிய வகை உங்கள் பட்டறைக்கும் பொருந்தும்: காற்றாடியைத் துடைத்துச் சாயம் பூசி, ஊறவிட்டு, மீண்டும் துடைத்துத் தூளைத் தெளித்தால், மேற்பரப்பில் திறந்துள்ள வெடிப்பு சிவப்புக் கோடாகத் தெரியும்.