மாநகர சபைக்கு வாதாடுவது: ஒரு கடிதமும் பதிலும்

ஐயா,

சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்க நகரங்களில் நகரத்துக்கென்றே தலைமைச் சட்டத்தரணி ஒருவர் இருக்கிறாராம். எங்கள் மட்டக்களப்பில் அப்படி ஒரு தொழிலை நம்பி வரலாமா? நீதிமன்றத்தில் ஆஜராவதைத் தவிர அவருக்கு வேறென்ன வேலை?

– ஒரு வாசகி, கல்லடி

அன்புள்ள தங்கைக்கு,

லொஸ் ஏஞ்சல்ஸில் அந்தப் பதவிக்குத் தேர்தல் நடக்கிறது. நியூயோர்க்கில் மேயர் நியமிக்கிறார். இரண்டு இடங்களிலும் அவருக்குக் கீழே பெரிய சட்டத்தரணிகள் படையே உண்டு. நம் பக்கத்துச் சபைகள் வழக்கமாக வெளியே தொழில் செய்யும் சட்டத்தரணிகளையே அமர்த்திக்கொள்கின்றன. அதனால் இதை மட்டும் நம்பி வராதீர்கள். காணி வழக்கு, நொத்தாரிசு வேலை என்று சொந்தத் தொழில் ஒன்று கையில் இருக்கட்டும். ஆனால் சபைக்குச் செய்யும் வேலை மிகப் பெறுமதியானது, அதை நன்றாகச் செய்பவர்கள் எங்களுக்கு அவசரமாகத் தேவை.

முதலில் உங்கள் கட்சிக்காரர் யார் என்பதில் தெளிவாக இருங்கள். மாநகர சபைக் கட்டளைச் சட்டப்படி (1947 இன் 29 ஆம் இலக்கம்) சபை ஒரு கூட்டிணைக்கப்பட்ட அமைப்பு, அதாவது சட்டத்தின் கண்ணில் தனியான ஓர் ஆள். மாநகர முதல்வரும் (மேயர்) உங்கள் கட்சிக்காரர் அல்ல, நிர்வாகத்தைப் பார்க்கும் ஆணையாளரும் அல்ல. இருவரும் முரண்படும் நாளில் ஆளுக்கொரு அறிவுறுத்தல் வரும். அப்போது அந்த அதிகாரம் சட்டப்படி யாருடையது, சபைத் தீர்மானம் என்ன சொல்கிறது என்று பார்த்து, எழுத்தில் அபிப்பிராயம் கொடுங்கள். தொலைபேசியில் சொன்ன ஆலோசனை கோவையில் இருக்காது.

அனுமதியில்லாக் கட்டட வழக்குகள் நிறைய வரும். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் (1978 இன் 41 ஆம் இலக்கம்) 28அ பிரிவின் கீழ் முதலில் அறிவித்தல் போகவேண்டும். உரிமையாளர் அதன்படி நடக்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் மனுவும் சத்தியக்கடதாசியும் தாக்கல் செய்து இடிக்கும் கட்டளை கேட்கலாம். செல்லுபடியான அனுமதிப்பத்திரத்தை எதிராளி காட்ட முடியாவிட்டால் வழக்கு சுலபம் என்றுதான் தோன்றும். ஆனாலும் தோற்கிறது, ஏன்? காணி உறுதி கனடாவில் இருக்கும் அண்ணன் பெயரில், அறிவித்தல் ஒட்டியது வாடகைக்காரரின் கதவில். அல்லது கையொப்பமிட்ட அதிகாரிக்கு நகர அபிவிருத்தி அதிகார சபையின் அதிகாரக் கையளிப்புக் கடிதம் இல்லை. அல்லது தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அறிக்கையில் திகதியும் அளவும் இல்லை. சுவர் வீதிக்கோட்டுக்குள் (வீதிக்கென ஒதுக்கிய எல்லைக்குள்) எத்தனை அடி வந்திருக்கிறது என்பதை வரைபடத்தில் குறிக்காமல் "அத்துமீறி" என்று மட்டும் எழுதினால் போதாது. மனுவில் கையொப்பமிடுவதற்கு முன் நீங்களே இடத்துக்குப் போய்ப் பாருங்கள்.

துணைவிதியை, அதாவது சபை தானே ஆக்கிய விதியை, மீறியதாக வழக்கு என்றால் குற்றப்பத்திரத்தைத் தொடுமுன் வர்த்தமானியைக் கேளுங்கள். சபை நிறைவேற்றியது, அமைச்சர் அங்கீகரித்தது, வர்த்தமானியில் வந்தது என்ற மூன்றுக்கும் ஆவணம் வேண்டும். ஒன்று விடுபட்டாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதல் தவணையிலேயே பிடித்துவிடுவார்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது, தபால். சபைக்கு எதிராக வழக்குப் போடுவதற்கு ஒரு மாதம் முன்னர், வழக்கின் காரணத்தையும் வழக்காளியின் பெயர், வதிவிடத்தையும் சொல்லி எழுத்தில் அறிவித்தல் தரவேண்டும். வடிகானில் விழுந்து கால் முறிந்தவரோ, மதில் இடிக்கப்பட்டவரோ அனுப்பும் கடிதம் அது. அந்த ஒரு மாதம் பேசித் தீர்க்கக் கிடைத்த அவகாசம். கடிதம் வேலைப் பகுதிக்குக் குறிப்பெழுதி அனுப்பப்பட்டு, அங்கேயே கிடந்துவிடும். பிறகு அழைப்பாணை வரும், அதுவும் அதே மேசைக்குப் போகும். மறுமொழி தாக்கலாகாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் ஒருதலைப்பட்சமாக விசாரித்துத் தீர்ப்பளிக்கும். தீர்ப்பாணை சேர்ப்பிக்கப்பட்டு பதினான்கு நாட்களுக்குள் நியாயமான காரணத்தோடு விண்ணப்பித்தால்தான் அதை நீக்கமுடியும். எழுதுவினைஞர் லீவில் இருந்தார் என்பது பலவீனமான காரணம். அந்தப் பணம் போகிறது மக்கள் கட்டிய சோலை வரியிலிருந்து. ஆகவே சட்டக் கடிதம் எதுவானாலும் வந்த அன்றே பிரதி உங்களுக்கு வரவேண்டும் என்று ஆணையாளரிடம் எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எழுத்தாணை (ரிட்) மனுக்கள், அதாவது சபையின் முடிவு சட்டப்படியானதா என்று பார்க்கக் கேட்கும் மனுக்கள், வேறு வகை. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு, மாகாண சபை நிரலிலுள்ள (மாகாணங்களுக்கு ஒதுக்கிய) விடயங்களில் மாகாண மேல் நீதிமன்றமும் எழுத்தாணை வழங்கலாம். வியாபார உரிமத்தை இரத்துச் செய்யுமுன் கடைக்காரரைக் கேட்டார்களா, காரணம் எழுதினார்களா என்றுதான் நீதிபதி பார்ப்பார். கேட்கவில்லை என்றால், வாதாடி இழுக்காமல் உத்தரவை மீளப்பெற்று முறைப்படி மீண்டும் விசாரிக்கச் சொல்லுங்கள். உறுப்பினர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம், அதற்காகத் தயங்காதீர்கள்.

மொழியையும் கவனியுங்கள். இங்கே வழக்கு நடப்பது தமிழில். கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனால் வேலை ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்புக்கு நாளும் பணமும் ஆகும் என்பதைச் சபைக்கு ஆரம்பத்திலேயே சொல்லிவிடவேண்டும்.

உங்களுக்கு முன்னால் இருப்பது ஆறு மாதப் பயிலுநர் காலம். உள்ளூராட்சி வழக்குகள் பேசும் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் சேருங்கள், மட்டக்களப்போ கல்முனையோ. அவர் வாதாடுவதைப் பார்ப்பதோடு நிற்காமல், முடிந்த கோவைகளை வாங்கி முதல் அறிவித்தலிலிருந்து தீர்ப்புவரை வாசியுங்கள். தோற்ற வழக்குகளின் கோவைகளை முதலில் கேளுங்கள்.